பிறந்த குழந்தையின் விழித்திரை: செயலும் வளர்ச்சியும்

கண்ணைப் பற்றிப் பேச நம் மொழியில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. விழி, நயனம், நாட்டம், நோக்கு என அடுக்கிக்கொண்டே போகலாம். நம் பல்கலைக்கழகக் கவியரங்குகளில் கண் இடம்பெறாத கவிதை அரிது. ஆனால், அக்கண்ணின் உட்புறச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் கனமே உள்ள ஒரு மெல்லிய திசுவைப் பற்றி நாம் பேசுவதில்லை. அதுதான் விழித்திரை.

நானும் பேசியிருக்க மாட்டேன். உயிர்மருத்துவ அறிவியல் இரண்டாம் ஆண்டில், கண்ணின் அமைப்பு குறித்த தேர்வில் நல்ல புள்ளிகள் வாங்கியவன் நான். தேர்வு முடிந்த கையோடு அதை மறந்தும் போனேன். ஆண்டிறுதி விடுமுறைக்கு ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனபோதுதான், ஐஸ் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த ஓர் அட்டையைப் பார்த்தேன். அக்காவின் குழந்தைக்கு மருத்துவமனையில் கொடுத்த அட்டை அது. மலாய் மொழியில் 'கிளினிக் மாத்தா' என்றும், அதன் கீழ் ஒரு தேதியும், அதன் பக்கத்தில் 'ஆர்.ஓ.பி.' என்ற மூன்று எழுத்துகளும் எழுதப்பட்டிருந்தன. தேதி மறுநாள் காலை. இடம் ஈப்போ.

குழந்தை 29ஆவது வாரத்தில் பிறந்தவன். பிறந்தபோது எடை 1,150 கிராம். ஆறு வாரம் கண்ணாடிப் பெட்டியிலும் குழந்தைகள் வார்டிலும் இருந்துவிட்டு, 1.8 கிலோ எடையோடு அப்போதுதான் வீட்டுக்கு வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. மூச்சு சீராகிவிட்டது, பால் குடிக்கிறான், இனிப் பயமில்லை என்று எல்லாரும் நிம்மதியாக இருந்த நேரம்.

"நாளைக்கு ஈப்போ போகணுமா?" என்று கேட்டேன்.

பாட்டிதான் பதில் சொன்னார். "எதுக்குய்யா? ஆஸ்பத்திரியிலேயே ஒரு தடவ கண்ணப் பாத்துட்டாங்க. ஒன்னும் இல்லன்னுதான சொன்னாங்க? பச்சப்புள்ள. வெளிச்சத்துக்குக் கண்ணச் சிமிட்டுறான், ஆளப் பாக்குறான். நூறு கிலோமீட்டரு தூக்கிட்டுப் போயி காத்துக் கருப்பு அண்டுனா யாரு பதில் சொல்றது? நாளு தள்ளிப் போட்டுக்கலாம்."

அக்காவுக்கும் உறுதியாகத் தெரியவில்லை. வீட்டுக்கு அனுப்பிய நாளில் தாதி அவசர அவசரமாகப் பல தாள்களைக் கொடுத்திருக்கிறார். மருந்து, தடுப்பூசி, எடை பார்க்கும் நாள் ஆகியவற்றோடு இதுவும் ஒன்று. ஏன் போக வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. நால்வர் கொண்ட எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போனவன் நான் ஒருவன்தான். அந்த மூன்று எழுத்துகளுக்கு என்ன பொருள் என்று எனக்கும் தெரியவில்லை. அன்றிரவு தேடிப் படித்ததையும், அதன் பிறகு இந்த ஆறு ஆண்டுகளில் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

திரையா, வலையா?

'விழித்திரை' என்பது அழகான கலைச்சொல். என்றாலும், அது நம்மைச் சற்று ஏமாற்றும் சொல்லும்கூட. திரை என்றதும் படம் வந்து விழும் வெள்ளைத் துணிதான் நினைவுக்கு வருகிறது. இடைநிலைப்பள்ளிப் பாடநூல்களும் கண்ணைப் புகைப்படக் கருவியோடு ஒப்பிட்டு, விழித்திரையைப் படச்சுருளின் இடத்தில் வைத்துவிடுகின்றன. படச்சுருள் தானாக எதையும் செய்யாது. விழித்திரையோ வேலை செய்யும் நரம்புத் திசு. கரு உருவாகிய நான்காவது வாரத்தில், மூளையாக வளரவிருக்கும் குழாயின் முன்பகுதியிலிருந்து இரு பக்கமும் இரண்டு மொட்டுகள் புடைத்து வருகின்றன. அம்மொட்டுகள் பின்னர்க் கிண்ணம்போல் உட்குழிகின்றன. அக்கிண்ணத்தின் உட்சுவரே விழித்திரை. ஆகவே, விழித்திரை என்பது மூளையிலிருந்து கண்ணுக்குள் நீண்டு வந்த ஒரு பகுதி எனலாம். ஆங்கிலத்தில் வழங்கும் 'ரெட்டினா' என்ற பெயர், வலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இந்தக் கட்டுரைக்குத் திரையைவிட வலைதான் பொருத்தம். ஏன் என்பது பின்னால் விளங்கும்.

விழித்திரையில் ஒளியை உணரும் அணுக்கள் இரு வகை. மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்பவை கோல் அணுக்கள். மனிதக் கண் ஒன்றில் 90 மில்லியனுக்கும் மேல் உள்ளன. பகல் வெளிச்சத்தில் நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுபவை கூம்பு அணுக்கள். இவை 4 முதல் 6 மில்லியன் வரை. கூம்புகள் மிக நெருக்கமாக அடைந்திருக்கும் இடம் விழித்திரையின் நடுவே உள்ள சிறு குழி. இந்த வரியை நீங்கள் படிப்பது அந்தக் குழியால்தான்.

இவ்வணுக்கள் வேலை செய்யும் முறை எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. ஒளி பட்டால் அணு விழித்துக்கொள்ளும் என்றுதான் எவரும் நினைப்போம். உண்மை தலைகீழ். இருட்டில்தான் இவ்வணுக்கள் இடைவிடாமல் வேதிச் சமிக்ஞையை வெளியிட்டுக்கொண்டிருக்கின்றன. ஒளி பட்டதும் அணுவுக்குள் இருக்கும் நிறமியில், உயிர்ச்சத்து 'ஏ'யிலிருந்து கிடைக்கும் ஒரு மூலக்கூறு வளைந்த நிலையிலிருந்து நிமிர்கிறது. அதைத் தொடர்ந்து சமிக்ஞை குறைகிறது. அந்தக் குறைவைத்தான் அடுத்த வரிசை நரம்பணுக்கள் 'ஒளி' என்று படிக்கின்றன. ஒரே ஓர் ஒளித்துகளுக்குக்கூடக் கோல் அணு எதிர்வினை காட்ட வல்லது. நூறு மில்லியன் அளவுக்கு வரும் இச்செய்திகளை விழித்திரையே ஒப்பிட்டு, கழித்து, சுருக்கி, ஒரு மில்லியன் சொச்சம் நரம்பிழைகளின் வழியாக மூளைக்கு அனுப்புகிறது.

இதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் ஓயாமல் இயங்குவதால், இவ்வணுக்களுக்கு உயிர்வளித் தேவை மிக அதிகம். உடலிலேயே அதிகமாக உயிர்வளி உண்ணும் திசுக்களுள் விழித்திரையும் ஒன்று. அக்குழந்தையின் கதை முழுவதும் இந்த ஒரு செய்தியில்தான் அடங்கியிருக்கிறது.

கருவறையில் வெட்டப்படும் வாய்க்கால்கள்

எங்கள் ஊர்ப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், பெர்ணம் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த களிமண் நிலம் அது. தென்னையும் செம்பனையும் போடுவதற்கு முன்பு வாய்க்கால் வெட்ட வேண்டும். பெரிய வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து இன்னும் சிறியது எனக் கடைசி வரிசை மரம்வரை போக வேண்டும். எங்கள் தாத்தா அந்த வேலையில் இருந்தவர். விழித்திரையின் குருதிநாளங்கள் வளரும் முறையைப் படித்தபோது எனக்கு அந்த வாய்க்கால்கள்தாம் கண்முன் வந்தன. ஒரே வேறுபாடு, எங்கள் வாய்க்கால் நீரை வடிக்கிறது. இது குருதியைக் கொண்டுசேர்க்கிறது.

கருவின் 16ஆவது வாரம்வரை விழித்திரையின் உட்பகுதியில் குருதிநாளம் எதுவும் இல்லை. அதன் பிறகு, பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்திலிருந்து நாளங்கள் முளைத்து, நாற்புறமும் ஓரம் நோக்கிப் படரத் தொடங்குகின்றன. மூக்குப் பக்கத்து ஓரத்தை எட்ட ஏறத்தாழ 36 வாரம் ஆகிறது. காதுப் பக்கத்து ஓரம் தொலைவு அதிகம்; அங்குப் போய்ச் சேர 40 வாரம், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும். அதாவது, பத்து மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தைக்குக்கூட வலை அப்போதுதான் பின்னி முடிந்திருக்கும்.

நாளங்கள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? பசியே சொல்கிறது. கருவறையில் சிசுவின் குருதியில் உள்ள உயிர்வளி அழுத்தம், நம் குருதியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. முதிர்ந்துவரும் விழித்திரை அணுக்களுக்கு அது போதுவதில்லை. எனவே, அவை ஒரு வேதிப்பொருளைச் சுரந்து, 'இங்கே வா' என்று நாளத்தை அழைக்கின்றன. நாளம் வந்து சேர்ந்ததும் பசி அடங்குகிறது, அழைப்பு நிற்கிறது, அடுத்த பகுதி அழைக்கத் தொடங்குகிறது. இப்படி ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்று ஐசக் மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர் 1948ஆம் ஆண்டிலேயே ஊகித்தார். அது தனித்துப் பிரிக்கப்பட்டு 'வி.இ.ஜி.எஃப்.' என்று பெயர் பெற்றது 1989இல்தான். தமிழில் குருதிநாள வளர்ச்சிக் காரணி எனலாம்.

நாளங்கள் மட்டுமல்ல, நரம்பிணைப்புகளும் அதே காலத்தில் உருவாகின்றன. சுமார் 26 வாரம்வரை சிசுவின் இமைகள் ஒட்டியே இருக்கும், பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், பார்வை தொடங்குவதற்கு முன்பே விழித்திரை சும்மா இருப்பதில்லை. 1991ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பார்வை தொடங்காத விலங்குக் குட்டிகளின் விழித்திரையில் மின்துடிப்புகள் அலை அலையாகப் பரவுவதைப் பதிவு செய்தனர். அடுத்தடுத்து இருக்கும் அணுக்கள் ஒன்றாகத் துடிப்பதால், மூளை தன் வரைபடத்தை முன்கூட்டியே திருத்திக்கொள்கிறது. அரங்கேற்றத்துக்கு முன் திரைக்குப் பின்னால் நடக்கும் ஒத்திகை போன்றது இது.

பிறந்ததும் என்ன தெரியும்?

நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் கண்பந்து நீளவாக்கில் 17 மில்லிமீட்டர்தான். வளர்ந்தவர்களுக்கு 23 அல்லது 24. விழித்திரையின் ஓரப்பகுதிகள் ஓரளவு முதிர்ந்திருக்கும். நடுக்குழியோ பின்தங்கியிருக்கும். அங்குள்ள கூம்பு அணுக்கள் கட்டையாகவும் தடித்தும் இருக்கும். நெருங்கி அடுக்கப்பட்டும் இருக்கமாட்டா. மாதங்கள் செல்லச் செல்ல அவை மெலிந்து, நீண்டு, நடுவை நோக்கி நெருக்கியடித்து நகர்கின்றன. இது முழுமை பெற நான்கு வயதும் அதற்கு மேலும் ஆகிறது.

ஆகையால், பிறந்த குழந்தைக்கு நுணுக்கம் தெரியாது. நல்ல பார்வையுள்ள ஒருவர் 120 மீட்டர் தூரத்திலிருந்து பிரித்தறியக்கூடிய ஒன்றை, குழந்தை 6 மீட்டர் அருகில் இருந்தால்தான் பிரித்தறியும். ஒரு முழம் தூரத்துக்குள், அதாவது பால் கொடுக்கும் தாயின் முகம் இருக்கும் தொலைவில், கறுப்புக்கும் வெள்ளைக்குமான எல்லைகள் அதற்கு நன்றாகத் தெரியும். முடியின் ஓரம், புருவம், நெற்றிப் பொட்டு ஆகியவை அப்படிப்பட்டவை. இரண்டு, மூன்று மாதங்களில் நிறங்கள் பிரிபடத் தொடங்கும். சிவப்பும் பச்சையும் முதலில், நீலம் சற்றுப் பிந்தி. மூன்று மாதம் ஆகியும் முகத்தைப் பார்த்துப் பின்தொடரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு இந்தக் கணக்கைப் பிறந்த நாளிலிருந்து அல்லாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும்.

இங்கே பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வருகிறது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை எனப் போய் ஏழாவதாகத்தான் அம்புலிப் பருவம் வைத்தார்கள். நிலவைக் காட்டி விளையாட அழைப்பதைத் தொட்டில் பருவத்தில் வைக்கவில்லை. கண் வளர்ச்சியைக் கணக்கிட்டு வைத்தார்கள் என்று நான் வாதாட மாட்டேன். அப்படி வாதாடும் கட்டுரைகள் நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன. குழந்தையோடு இருந்து கவனித்தவர்கள் வகுத்த வரிசை என்பது மட்டும் தெரிகிறது.

கண் படம் அனுப்பினாலும், படிக்க மூளை கற்க வேண்டும். டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் இருவரும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடி வைத்துப் பார்த்தனர். பின்னர்த் திறந்தபோது கண்ணில் குறையில்லை. ஆனால் மூளை அக்கண்ணைக் கைவிட்டிருந்தது. இப்பணிக்காக 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிறு வயதில் இழந்த பார்வையைப் பெரிய வயதில் சரிசெய்வது ஏன் கடினம் என்பதற்கு இதுவே விளக்கம்.

வலை பாதியில் நின்றால்

இப்போது அட்டைக்கு வருவோம். 'ஆர்.ஓ.பி.' என்பது குறைப்பிரசவ விழித்திரை நோயின் ஆங்கிலச் சுருக்கம்.

29 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு வலை பாதிதான் பின்னப்பட்டிருக்கும். கருவறையின் குறைந்த உயிர்வளியிலிருந்து திடீரென்று நம் காற்றுக்குள் வருகிறது. நுரையீரல் பலவீனமாக இருப்பதால் கூடுதல் உயிர்வளியும் தரப்படுகிறது. விழித்திரையின் பசி அடங்கிவிடுகிறது. அழைப்பு நிற்கிறது. நாளங்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகின்றன. இது முதல் கட்டம்; வெளியே ஒன்றும் தெரியாது.

சில வாரங்கள் செல்கின்றன. நாளம் எட்டாத ஓரப்பகுதியில் அணுக்கள் முதிர்கின்றன. முதிர முதிரப் பசி கூடுகிறது. இம்முறை அழைப்பு மெல்லிய குரலாக வருவதில்லை, பெருங்கூச்சலாக எழுகிறது. நின்றிருந்த நாளங்கள் ஒழுங்கில்லாமல் வெடித்து வளர்கின்றன. விழித்திரையின் பரப்பை விட்டெழுந்து கண்ணின் நடுக்கூழ் நோக்கி நீள்கின்றன. அவை கசியும், தழும்பாகும், சுருங்கும். சுருங்கும்போது விழித்திரையைச் சுவரிலிருந்து பிய்த்து இழுக்கும். மருத்துவர்கள் இதனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் ஒரு மெல்லிய கோடு, இரண்டாவதில் அது வரப்புபோல் உயர்கிறது, மூன்றாவதில் புது நாளங்கள், நான்காவதில் விழித்திரை ஒரு பகுதி பிரிகிறது, ஐந்தாவதில் முழுவதும். முதல் இரண்டு நிலைகள் பெரும்பாலும் தாமாகவே ஆறிவிடுகின்றன. ஆறாதவற்றை அடையாளம் காண்பதற்குத்தான் வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். 'ஒரு தடவ பாத்துட்டாங்க' என்று பாட்டி சொன்னது சரிதான். ஆனால், அந்த நோய் அடுத்த தடவைக்குள்தான் வளர்கிறது. குழந்தை வெளிச்சத்துக்குக் கண் சிமிட்டியதும் உண்மை. நோய் ஓரத்தில் நடந்துகொண்டிருக்கும்போது நடுப்பகுதி அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.

இந்நோயை 1942இல் பாஸ்டன் நகரில் தியோடர் டெர்ரி முதன்முதலில் விவரித்தார். அடுத்த பத்தாண்டில் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தனர். வேடிக்கை என்னவென்றால், நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில்தான் நோய் அதிகம். 1950இல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்த அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் அக்குழந்தைகளுள் ஒருவர். தாராளமாகக் கொடுக்கும் உயிர்வளிதான் காரணமாக இருக்கலாம் என்று 1951இல் மெல்பர்னைச் சேர்ந்த கேட் கேம்பல் எழுதினார். அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து 1953-54இல் நடத்திய ஆய்வு அதனை உறுதி செய்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உயிர்வளியைக் கட்டிப்போட்டார்கள், பார்வையிழப்பு குறைந்தது, மூச்சின்றி இறந்த குழந்தைகள் கூடினர். காப்பாற்றப்பட்ட ஒரு குழந்தையின் பார்வைக்கு ஈடாக 16 குழந்தைகள் இறந்திருக்கலாம் என்று 1973இல் கென்னத் கிராஸ் கணக்கிட்டார். 2010இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றும் குருதியில் உயிர்வளியைக் குறைத்து வைத்தால் கண்ணுக்கு நல்லது, உயிருக்கு ஆபத்து என்றே காட்டியது. கொடுத்தாலும் பிழை, கொடுக்காவிட்டாலும் பிழை. ஆகவே மருத்துவர்கள் அளந்து கொடுக்கிறார்கள். பிறகு கண்ணைப் பார்க்கிறார்கள். அந்தப் 'பிறகு' தவறிப்போகும் இடங்களில்தான் இன்று குழந்தைகள் பார்வை இழக்கின்றனர். 2010ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் இந்நோயால் பார்வையை முழுமையாகவோ பெருமளவோ இழந்தனர் என்று 2013இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது.

சென்னையில் ஒரு வழக்கு

அன்றிரவு நான் படித்தவற்றுள் என்னை உறங்கவிடாமல் செய்தது ஒரு தீர்ப்பு. 1996 ஆகஸ்டு 30ஆம் நாள் சென்னை எழும்பூர் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. 29ஆவது வாரம், 1,250 கிராம். ஏறக்குறைய எங்கள் வீட்டுக் குழந்தையின் கணக்கு. கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றி, செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெற்றோர் சொன்ன நாளிலெல்லாம் குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான்கரை மாதத்தில் தடுப்பூசிக்காகச் சென்ற இடத்தில் வேறொரு மருத்துவர்தான் கண்ணில் கோளாறு இருப்பதைக் கண்டார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

தந்தை வழக்குத் தொடுத்தார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2009இல் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. வழக்கு மேலே போயிற்று. 2015 ஜூலை முதல் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் மருத்துவச் செலவையும் சேர்த்து ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் வழங்கத் தீர்ப்பளித்தது. அக்குழந்தைக்கு அப்போது பத்தொன்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்தியாவில் இதற்கு வேறொரு முகமும் உண்டு. 2008 முதல் பெங்களூரு நாராயணா நேத்ராலயாவைச் சேர்ந்த ஆனந்த் வினேகர் குழுவினர், விழித்திரையைப் படமெடுக்கும் கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாவட்ட மருத்துவமனைகளுக்கே போகிறார்கள். பயிற்சி பெற்ற பணியாளர் படமெடுக்கிறார். தொலைவில் உள்ள மருத்துவர் பார்த்துச் சொல்கிறார். தாயும் குழந்தையும் பயணம் போக வேண்டியதில்லை. ஹுத்தான் மெலிந்தாங் போன்ற ஊரில் பிறந்தவனுக்கு இதைப் படித்தபோது சற்றுப் பொறாமையாகவே இருந்தது.

நம் நாட்டில் சுகாதார அமைச்சு 2005இல் இதற்கென வழிகாட்டி வெளியிட்டது. 1,500 கிராமுக்குக் குறைவாகவோ 32 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைகளும், உடல்நிலை சீரற்றிருந்த பிற குழந்தைகளும் சோதிக்கப்பட வேண்டும். முதற்சோதனை பிறந்து 4 முதல் 6 வாரத்துக்குள் நடைபெற வேண்டும் என்பது அதன் சாரம். விதி இருக்கிறது, மருத்துவரும் இருக்கிறார். நடுவில் இருப்பது ஓர் அட்டையும் நூறு கிலோமீட்டர் சாலையும்.

மறுநாள் காலை

இரவு இரண்டு மணிக்குப் பாட்டியை எழுப்பிச் சொன்னேன். அறிவியல் எதுவும் சொல்லவில்லை. "இந்த நோய்க்கு நாள்தான் கணக்கு பாட்டி. ஒரு வாரம் தள்ளிப்போட்டா அப்புறம் ஒன்னும் பண்ண முடியாதாம்" என்றேன்.

பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, நாங்கள் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார். அம்மாவுக்கு முன் பாட்டிக்கு ஒரு பிள்ளை பிறந்ததாம், ஏழாம் மாதத்தில், தோட்டத்து லயத்தில். டிரெசர் வந்து பார்த்துவிட்டு, பஞ்சில் சுற்றி வைக்கச் சொன்னாராம். இரண்டு நாள் இருந்தது. "அப்பல்லாம் புள்ள பொழைக்கிறதே இல்ல. கண்ணப் பத்தி யாரு யோசிச்சா?" என்றார். அதுவும் அறிவியல்தான். குழந்தைகள் பிழைக்கத் தொடங்கிய பிறகுதான் இந்நோய் ஒரு நோயாக நமக்குத் தெரிய வந்தது.

ஐந்து மணிக்கு மாமாவின் காரில் கிளம்பினோம். பாட்டியும் வந்தார்; குழந்தையின் கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. (கண்ணுக்குள் மை தீட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சில மைகளில் ஈயம் கலந்திருப்பது சோதனைகளில் தெரியவந்துள்ளது. தாய்ப்பாலைக் கண்ணில் பிழியும் வழக்கத்தையும் விட்டுவிடலாம்.)

சோதனையை நான் அருகில் நின்று பார்த்தேன். பாவையை விரிக்கும் சொட்டு மருந்து இட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். நாவில் சில சொட்டுச் சீனித் தண்ணீர், வலி தெரியாமலிருக்க. சிறு கம்பி வளையத்தால் இமைகளை விலக்கினார்கள். மருத்துவர் நெற்றியில் விளக்கு, கையில் ஒரு வில்லை. குழந்தை கத்திய கத்தலில் பாட்டி வெளியே போய்விட்டார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மருத்துவர் ஒரு தாளில் இரண்டு வட்டங்கள் வரைந்து, கடிகாரம்போல் எண்ணிட்டு, ஓரத்தை ஒட்டிச் சிவப்புக் கோடு இழுத்தார். முன்பு முதல் நிலையில் இருந்தது. இப்போது இரு கண்ணிலும் மூன்றாம் நிலை. நடுப்பகுதி நாளங்களும் பருத்து முறுக்கியிருக்கின்றன. 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை செய்ய வேண்டும். அடுத்த வாரம் வந்திருந்தால் என்ற கேள்வியை அக்கா கேட்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்.

மறுநாளே லேசர் சிகிச்சை நடந்தது. நாளம் எட்டாமல் கூச்சலிடும் ஓரப்பகுதியை நூற்றுக்கணக்கான சிறு புள்ளிகளாகச் சுட்டுவிடுகிறார்கள். பசியுள்ள அணுக்கள் அழிந்ததும் அழைப்பு நின்றுவிடும். முறைகெட்டு வளர்ந்த நாளங்கள் சுருங்கிவிடும். ஓரப் பார்வையில் சிறிது போகும். அதைக் கொடுத்து நடுவை மீட்பதுதான் கணக்கு. அழைக்கும் வேதிப்பொருளையே கட்டிப்போடும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியால் செலுத்தும் முறையும் 2011இல் வெளிவந்த ஆய்வுக்குப் பிறகு பரவலாகியுள்ளது. அதில் நாளங்கள் மீண்டும் வளர்வதற்கு வாய்ப்புண்டு. நோய் பல வாரம் கழித்துத் திரும்பவும் கூடும் என்பதால் நெடுநாள் கண்காணிக்க வேண்டும். எந்தக் கண்ணுக்கு எது என்று முடிவு செய்வது மருத்துவர்.

நிறைமாதக் குழந்தை உள்ள வீட்டாருக்கும் ஒரு செய்தி உண்டு. பளிச்சென்று விளக்கு மின்னும் படக்கருவியில் எடுத்த படத்தில் குழந்தையின் பாவை சிவப்பாகத் தெரிந்தால் அது விழித்திரையின் நிறம். ஒரு கண்ணில் மட்டும் வெள்ளையாகத் தெரிந்துகொண்டே இருந்தால், தாமதிக்காமல் காட்டுங்கள். விழித்திரைப் புற்றுநோயாகவோ கண்புரையாகவோ இருக்கலாம். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்றுக்கு அப்புற்றுநோய் வருகிறது. முன்கூட்டிக் கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.

அக்கா மகனுக்கு இப்போது ஆறு வயது. கிட்டப்பார்வை உண்டு, குறைமாதத்தில் பிறந்து சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்கு அது அடிக்கடி வருவது. தடித்த கண்ணாடி அணிகிறான். பாலர் பள்ளியில் முன்வரிசையில் உட்கார்ந்து 'ண', 'ன' இரண்டுக்கும் எத்தனை சுழி என்று விரலால் எண்ணுகிறான். ஆண்டுக்கு ஒரு முறை ஈப்போ போகிறார்கள். அட்டை பழையபடி ஐஸ் பெட்டிக் கதவில்தான் இருக்கிறது. தேதிக்கு ஒரு வாரம் முன்பே பாட்டி மாமாவுக்குத் தொலைபேசியில் நினைவூட்டத் தொடங்கிவிடுவார்.